கிண்ண விளிம்பில் ஒரு தடம்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் காலை ரயிலில் எதிர் பெஞ்சுக்காரர் பக்கத்திலிருந்த தன் தங்கையிடம் சொன்னார்: "இது முத்திரை இல்ல தங்கச்சி. பல்லு பட்ட தடம்."

அவர் அடகுக்கடையில் வெள்ளி பார்ப்பவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. தங்கையின் மடியில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவர் கையில் இருந்தது, அவள் கணவர் வெள்ளைக்கார துரையின் பங்களாச் சாமான் ஏலத்தில் எடுத்த வெள்ளிப் பால் கிண்ணம். மனிதர் வரிசை தவறாமல் சோதித்தார். அரசாங்க அலுவலகங்களில் அந்த ஒழுங்கைப் பார்த்து வெகுநாளாகிறது.

"சிங்க முத்திரை இருக்கு, அசல் வெள்ளி. சிறுத்தைத் தலை இருக்கு, லண்டன்ல சோதிச்சது. இந்த எழுத்து எந்த வருஷம்னு காட்டறதுக்கு. எல்லாம் தேஞ்சு கருத்துப் போச்சு. விளிம்புல இருக்கிற தடம் மட்டும் புதுசா பளபளன்னு இருக்கு."

"நேத்து துலக்கறப்ப இல்லண்ணே. காலையில பாப்பா மட்டும்தான் இதுல குடிச்சா. அவளுக்கு ஏது பல்லு?"

"உள்பக்கம்தான் பட்டிருக்கு. அப்படின்னா மேல் பல்லு."

"மேல் பல்லு முதல்ல முளைச்சா தாய்மாமனுக்கு ஆகாதுன்னு அம்மா சொல்லும்."

"இருக்கிற மாமன் நான் ஒருத்தன்தான்," என்று அவர் சிரித்தார். "வாயைத் திறந்துதான் பாரேன் லா."

அவள் குழந்தையின் மேலுதட்டை விரலால் தூக்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை அவரிடமிருந்து வாங்கித் துணியில் சுற்றினாள்.

"என்ன இருக்கு?"

ரயில் கோலாலம்பூரில் நுழைந்துகொண்டிருந்தது.

"நீங்க எங்க பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வர வேணாம்ண்ணே," என்றாள். "அடுத்த ரயில்லயே திரும்பிடுங்க."