பாதியில் நின்ற கூடை

பல்கணியிலிருந்து கயிற்றில் கூடை இறக்கிப் பாண், பால் என்று சாமான் வாங்கும் நகரம், இத்தாலியின் பலெர்மோ. தொண்ணூறுகளில் ஒரு காலை, பஸ்ஸில் எனக்கு முன்னால் யாழ்ப்பாணத்துப் பெண்கள் இருவர், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். மூத்தவளின் வலது மணிக்கட்டில் துணிக்கட்டு.

“போன கிழமை எங்கடை கூடை ரெண்டாம் மாடியிலை நிண்டுட்டுது. பாண்காரன் கீழை நிண்டு அண்ணாந்து பாக்கிறான்” என்றாள் அவள்.

“ஏன் அக்கா, கயிறு சிக்கினதோ?”

“இல்லை. நான் இந்தக் கையோடை நாலாம் மாடிக்கு இழுக்கிறதைப் பாத்திட்டு, மோள் கூடையிலை கப்பி பூட்டினவள். பாரம் பாதியாகுமெண்டு ரீச்சர் படிப்பிச்சவவாம்.”

“பள்ளிக்கூடத்திலை கூடை இழுக்கவோ படிப்பிக்கினம்?”

“ஓம். எல்லாப் பிள்ளையளையும் வீட்டுக் கூடையைக் கொண்டு வரச் சொன்னவ. விஞ்ஞானம், கணக்கு, கைவேலை எல்லாம் அந்தக் கூடைக்குள்ளைதான்.”

“பிறகேன் நிண்டது?”

“பாரம் பாதியெண்டால் கயிறு ரெண்டு மடங்கு வேணுமாம். இவள் பழைய கயிறையே போட்டிட்டு ஒரே அழுகை. ரீச்சர் ஏசேல்லை. ‘மிச்சக் கயிறு எங்கை போச்சுதெண்டு கண்டுபிடிப்பம்’ எண்டு முழு வகுப்பையும் அளக்க வைச்சவ. எங்களுக்கு உப்பிடி ஆர் படிப்பிச்சது?”



“இப்ப இறங்குதோ?”

“இண்டைக்கு விடிய இடக்கையாலை தண்ணிப் போத்தில் எல்லாம் ஏத்திப்போட்டு வாறன். கீழ் வீட்டுச் சிஞ்ஞோரா தனக்கும் ஒண்டு பூட்டித் தரட்டாம். மோள் என்ன சொன்னவள் தெரியுமோ? ‘முதல் உங்கடை பல்கணி உயரத்தை அளந்து கொண்டு வாங்கோ.’”