முள் அசையாத மீட்டர்

…அதுக்கு ஒரு மரியாதை வேணாமா மாஸ்? ஒரு மனுஷி தொண்டை வத்தக் கூப்பிடுறா. நல்ல பதில் சொல்லலைன்னாலும் போகுது, 'வாயை மூடு'ன்னாவது ஒரு வார்த்தை சொல்லலாம்ல? ஒண்ணும் கிடையாது. செவுத்துக்கிட்ட பேசுற மாதிரி… உக்காருங்க தம்பி, எந்திரிக்காதீங்க, கைலி சரியாத்தான் இருக்கு. எங்க வீட்டுக்காரரோடது. துவைச்சதுதான். உங்க பேன்ட் இதோ ஊசிக்கடியில இருக்கு பாருங்க. கிழிசல் பெருசு. மோட்டார் சைக்கிள்ல இருந்து இறங்குனீங்களா, இல்ல தாண்டிக் குதிச்சீங்களா? சரி சரி, சிரிக்கலை.

எங்க விட்டேன்? ஆங், பாக் ஹர்தோயோ, நம்ம ஹர்தோயோ ஐயா. அவரைச் சொல்லணும் முதல்ல. முன்னாடி தபால் ஆபீஸ்ல இருந்தவர். இப்ப அவருக்கு என்ன வேலைன்னா, தினம் சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் ரேடியோவுல எல்லாரையும் வரிசையாக் கூப்பிடுறது. இந்த மலைச் சரிவுல யார் யார் பேசுற ரேடியோ செட் வச்சிருக்காங்களோ அத்தனை பேரும் அந்த நேரத்துக்கு அவங்கவங்க வீட்டுல மைக்கைக் கையில எடுத்துடுவாங்க. ஒவ்வொருத்தர் பேரா சொல்லி, 'சாப்பிட்டீங்களா, உங்க பக்கம் மழையா, முட்டி வலி தேவலையா'ன்னு விசாரிப்பார். கடைசியில, 'வேற யாராச்சும் இருக்கீங்களா?'ன்னு கேப்பார். புதுசா வந்தவங்க அப்பத்தான் பேசணும். நான் பட்டனை அமுக்குறேன். என் எழுத்தெல்லாம் சொல்றேன். பட்டனை விட்டுட்டுக் காதை வச்சுக் கேக்குறேன். அவர் என்ன சொல்றார் தெரியுமா? 'யாரும் இல்ல போலிருக்கு. நல்லது, நாளைக்குப் பாப்போம்.'

யாரும் இல்லையாம்! நான் யாரு, பூனையா?

அந்த எழுத்து இருக்கே, அது ஒரு தனிக் கஷ்டம். ரேடியோவுல பேசுறதுக்குன்னு பரீட்சை எழுதி பாஸ் பண்ணினா அரசாங்கத்துல ஒரு அழைப்புக் குறி குடுப்பாங்க. நான் பாஸ் மாஸ். அப்படிப் பாக்காதீங்க, முதல் தடவையிலயே பாஸ். குறியில இருக்கிற ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் வச்சிருக்காங்க, காதுல தெளிவா விழணும்னு. ஊர்ல எல்லாருக்கும் நல்ல நல்ல சொல்லா வந்திருக்கு. எனக்கு வந்த கடைசி ரெண்டு என்ன? ரோமியோ, விஸ்கி! வியாழக்கிழமை தவறாம குர்ஆன் ஓதுற கூட்டத்துக்குப் போறவ நான். ஜன்னலோரமா உக்காந்துக்கிட்டு 'ரோமியோ விஸ்கி, ரோமியோ விஸ்கி'ன்னு கத்துறேன். எதிர் வீட்டம்மா குடையைப் புடிச்சுக்கிட்டு வந்து, 'கஸ்மினி, வீட்டுல ஏதாவது பிரச்சனையா?'ன்னு கேட்டுட்டுப் போறாங்க.

இந்த வயசுல இது எதுக்குன்னுதானே நினைக்கிறீங்க? வாயைத் திறந்து கேக்க மாட்டேங்குறீங்க, ஆனா முகம் கேக்குது. நீங்களே யோசிச்சுப் பாருங்க. நாள் முழுக்க இந்த மிஷின் முன்னாடி உக்காந்திருக்கேன். என்கிட்ட ஜனங்க பேசுறது என்ன? 'எப்ப கிடைக்கும்?' 'இடுப்புல கொஞ்சம் விட்டுத் தைங்க.' அவ்வளவுதான். ஒரு நாள் பாக் ஹர்தோயோ அளவு குடுக்க வந்தார். இடுப்புல கைக்கு அடக்கமா ஒரு செட். கையைத் தூக்கி நிக்கிறார், நான் டேப்பைச் சுத்துறேன், செட்டுல ஒரு பொம்பளை இன்னொருத்திக்கிட்ட சொல்றா: 'உங்க குரல் இன்னைக்குச் சோர்வா இருக்கே, ஒடம்பு சரியில்லையா?'ன்னு. அவங்க ரெண்டு பேரும் நேர்ல பாத்ததே இல்லையாம்! எனக்கு டேப் கையை விட்டுப் போயிடுச்சு. என் குரல் சோர்வா இருக்குன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல மாஸ். ராத்திரி எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். 'உன் குரல் சோர்ந்தா இந்தத் தெருவே நிம்மதியாத் தூங்கும்'ங்கிறார். அந்த மனுஷன்கிட்ட வேற என்ன எதிர்பாக்குறது?

டீ எடுத்துக்குங்க. இனிப்பு போதுமா?

ம்… இவ்வளவு நாள் பொறுத்தாச்சு. இன்னைக்குத்தான் பொறுக்க முடியலை. ஏன்னா ஞாயித்துக்கிழமை தரைக்காப்பி. அது தெரியாதா? காத்துல பேசுறவங்க எல்லாம் தரைக்கு இறங்கி, ஒரு இடத்துல கூடி, முகத்தைப் பாத்துக் காப்பி குடிக்கிறது. பாட்டு, வறுத்த சோயா தெம்பே, ஃபோட்டோ எல்லாம் உண்டு. ஆனா ஒரு ஒழுங்கு வச்சிருக்காங்க. முதல்ல குரல், அப்புறம்தான் முகம். வரிசையில ஒரு தடவையாவது குரல் கேட்டு, அவர் 'வாங்க'ன்னு சொன்னவங்கதான் வரலாம். கேக்காதவங்க வரக்கூடாது. சட்டையும் கிடையாது.

சட்டை! அதைச் சொல்லலையே. அங்க பாருங்க, கம்பியில வரிசையாத் தொங்குதே பச்சைச் சட்டை. எல்லாம் அவங்களுக்குத்தான். முதுகுல மின்னல் படம், நெஞ்சுல அவங்கவங்க அழைப்புக் குறி. ஆர்டர் யாருக்கு வந்துச்சு? எனக்கு. ஒவ்வொருத்தர் எழுத்தையும் நூல் நூலா நான் பின்னுறேன், என் எழுத்து ஒரு சட்டையிலயும் இல்ல. இன்னைக்கு வரிசைதான் கடைசி. இன்னைக்கும் 'யாரும் இல்ல'ன்னுட்டார்னா, ஞாயித்துக்கிழமை அவங்க எல்லாம் பச்சையா நின்னு ஃபோட்டோ எடுப்பாங்க, நான் இங்க உக்காந்து யாரோட பேன்ட்டுக்கோ ஜிப் வச்சுக்கிட்டு இருப்பேன். உங்களைச் சொல்லலை மாஸ்.

இதுக்கெல்லாம் யார் காரணம்னு எனக்குத் தெரியும். இபு தித்திக். பல் டாக்டர் வீட்டம்மா. ஒரு தடவை அவங்க கெபாயா ரவிக்கைக்குக் கை கொஞ்சம் இறுக்கிப் புடிச்சுட்டேன். கல்யாண வீட்டுல கையைத் தூக்க முடியாம, யார் வந்தாலும் இடுப்போட கும்பிட்டாங்களாம். அந்தக் கோவம். அன்னைக்கு வரிசையில சொல்றாங்க: 'சில பேர் பரீட்சை பாஸ் பண்ணிட்டு அப்புறம் ஆளையே காணோம், என்ன அலட்சியமோ'ன்னு. எனக்கு! என் காது கேக்க! நான் பட்டனை அமுக்கி 'இங்கதாம்மா இருக்கேன்'னு அலறுறேன். அவங்க பாட்டுக்குக் கத்திரிக்காய்க் குழம்பு வச்சதைச் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. ஊமைக் கோட்டான் மாதிரி எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. பேசி வச்சுக்கிட்டு ஒதுக்குறாங்கன்னு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

நானும் சும்மா இருக்கலை. அந்தச் சட்டையில இடது பக்கம் பை இருக்கு பாருங்க, கைசெட்டு வைக்கிறதுக்குன்னே தனியா கேட்டாங்க. எல்லாத்தையும் ஒரு விரல் குறைச்சு வெட்டிட்டேன். சீப்பு வைக்கலாம். செட்டு இறங்காது. அனுபவிக்கட்டும்.

கிட்ட வாங்க, செட்டைப் பாருங்க. கைலியைப் புடிச்சுக்கிட்டு வாங்க. இந்த அலமாரியில, நூல்கண்டுக்குப் பக்கத்துல. என் செட்டுல ஒரு குறை சொல்லட்டும் பாப்போம். வாங்கினது பழசுதான், ஆனா கெட்டியான செட். ஆண்டெனா மாட்டுற பாக் ஜுமேரி வந்து வீட்டுக்குப் பின்னால மூங்கில் நட்டு, உச்சியில அலுமினியக் குழாயைக் கட்டி, வயரை ஜன்னல் வழியா உள்ள விட்டுக் குடுத்தார். எங்க வீட்டுக்காரர் புறாக்கூட்டுக்குன்னு வெட்டி வச்ச மூங்கில் அது. அதுக்கு ஒரு வாரம் பேச்சு இல்ல. எனக்கு அது ஓய்வு.

இது மீட்டர். இதுதான் முக்கியம். ஆண்டெனாவுக்கு நாம அனுப்புற சக்தியில எவ்வளவு போகப் பிடிக்காம திரும்பி வருதுன்னு இந்த முள் காட்டும். முள் படுத்துக் கெடந்தா நல்லது, எந்திரிச்சா கெட்டது. இந்த ஆளுங்களுக்கு இந்த முள்ளு மேல ஒரு வெறி. சாப்பாட்டைப் பத்திப் பேசாதப்ப இதைத்தான் பேசுவாங்க. 'என் முள் அசையவே இல்ல', 'என் முள் தூங்குது'ன்னு பெருமை. பாக் ஜுமேரி மாட்டினப்ப என் முள் கொஞ்சம் எந்திரிச்சு நின்னுச்சு. 'இது போதும், இதோட விடுங்க இபு'ன்னார். அது எப்படிப் போதும்? தையல்ல ஒரு நூல் பிசகினாலே நான் பிரிச்சுப் போடுறவ. அவர் போனதும் மூங்கிலை இப்படித் திருப்பினேன், அப்படித் திருப்பினேன். குழாயை அரத்தால ராவினேன். முள் இறங்கல. கடைசியில நானே கண்டுபிடிச்சேன். இதோ, இப்ப பட்டனை அமுக்குறேன், முள்ளைப் பாருங்க.

பாத்தீங்களா? அசையுதா? பாக் ஹர்தோயோ முள் கூட இப்படிப் படுக்காது மாஸ்! செத்த பல்லி மாதிரி கெடக்கு.

எப்படியா? இந்த டப்பா. பால் டப்பா அளவுதான் இருக்கு, தலையில வயர் மாட்டுற ஓட்டை இருக்கு பாருங்க. பரீட்சைக்கு முன்னாடி பாக் ஹர்தோயோ எல்லாருக்கும் ஒண்ணொண்ணு குடுத்தார். எனக்கு மட்டும் திருப்பிக் குடுக்க மனசு வரல. ஒரு நாள் சும்மா மாட்டிப் பாத்தேன். முள் பட்டுன்னு படுத்துடுச்சு! அன்னைக்கே மூங்கில் வயரைக் கழட்டிப் போட்டுட்டேன். அதோ, ஜன்னல் திரையைக் கட்டி வச்சிருக்கேனே, அந்தக் கறுப்பு வயர்தான். பெரிய ஆளுங்க எல்லாம் இந்த டப்பாதான் ரகசியமா வச்சிருப்பாங்கன்னு நினைக்கிறேன். கேக்குறதுக்குக் குரல் கொஞ்சம் சன்னமா வரும், காதை ஒட்டி வச்சுக்கணும். எல்லார் குரலையும் வாங்கித் திருப்பி அனுப்புற ரேடியோ கோபுரம் மலை மேல பக்கத்துலதானே, அதனால எனக்குக் கேட்டுடும். இன்னொரு சௌகரியம், ரொம்ப நேரம் பேசினா டப்பா சூடாகும். மேல டீ கிளாஸை வச்சா ஆறாது. நீங்க குடிச்ச டீ அதுலதான் இருந்துச்சு.

என்ன மாஸ்? எதுக்குக் குடுத்தார்னா? பரீட்சைக்கு முன்னாடி பேசிப் பழகுறதுக்கு. புதுசா கத்துக்கிறவங்க எசகுபிசகாப் பேசினா மத்தவங்களுக்குத் தொந்தரவு இல்லையா. இதை மாட்டிக்கிட்டு எவ்வளவு வேணா கத்தலாம், உள்ளேயே சூடாகி அடங்கிடும், ஒரு சொல்லு கூட வெளிய…

வெளிய…

இருங்க. இருங்க, பேசாதீங்க. …நீங்க பேசலை, நான்தான் பேசுறேன். ஒரு சொல்லு கூட வெளிய போகாதுன்னு சொல்லித்தான் குடுத்தார்.

அப்ப இத்தனை நாளும் நான்… டப்பாவுக்கா…

சிரிக்காதீங்க மாஸ், உங்க பேன்ட் என்கிட்ட இருக்கு.

இபு தித்திக் 'ஆளையே காணோம்'னு சொன்னாங்களே. காணோம்னு தேடியிருக்காங்க அந்தப் பாவி மனுஷி! நான் அலட்சியம்னதை மட்டும் புடிச்சுக்கிட்டு… ஐயய்யோ, பையெல்லாம்! ஒரு விரல்! வெட்டின துணியை எப்படி மாஸ் ஒட்டுறது? வேற பச்சைத் துணிக்கு நான் எங்க போவேன்? சரி, அது கிடக்கட்டும், அப்புறம் பாக்கலாம். நேரம் என்ன? பள்ளிவாசல்ல தொழுகை முடிஞ்சு எல்லாரும் செருப்பு மாட்டிட்டாங்க, அந்தச் சத்தம் கேக்குது. ஆரம்பிச்சிருப்பார். அந்தத் திரையை அவிழுங்க. கைலியை ஒரு கையால புடிச்சுக்கிட்டு ஒரு கையால அவிழுங்க! முடிச்சு இறுகிடுச்சா? நான் போட்ட முடிச்சு வேற எப்படி இருக்கும். பல்லால கடிங்க. ஆங், வந்துடுச்சு. குடுங்க. டப்பாவைத் திருகி எடுத்துட்டேன். வயர் உள்ள போக மாட்டேங்குதே… போயிடுச்சு. முள் எந்திரிக்குதா? எந்திரிக்கட்டும். நின்னுட்டுப் போகட்டும்.

அம்மாடி, என்ன சத்தம்! பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இருக்கே. அது பாக் ஹர்தோயோ. கேளுங்க, இபு தித்திக்கோட முட்டியை விசாரிக்கிறார். அது முடிஞ்சா கடைசிதான். சும்மா இருங்க. மிஷினைத் தொடாதீங்க… 'வேற யாராச்சும் இருக்கீங்களா?'ன்னுட்டார். சொல்லிட்டார் மாஸ்.

…ரோமியோ. விஸ்கி. ரோமியோ விஸ்கி. கேக்குதா? முடிச்சுக்கிறேன்.

விட்டுட்டேன். பட்டனை விட்டுட்டேன்.

கேக்குதுங்கிறார்! 'ரொம்பத் தெளிவா, ரொம்ப பலமா கேக்குது'ங்கிறார். யாரோ கை தட்டுறாங்க. 'தையல்கார இபு கஸ்மினிதானே, வாங்க வாங்க'ங்கிறார். வாங்கன்னு சொன்னார், நீங்க கேட்டீங்கல்ல? நீங்கதான் சாட்சி. 'எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம், உங்களைப் பத்தி ஏதாவது பேசுங்க இபு'ங்கிறார்…

…

மாஸ்.

ஒண்ணும் வர மாட்டேங்குது.

என்ன சொல்றது? என்னைப் பத்தி என்ன இருக்கு? நாக்கு ஒட்டிக்கிச்சு மாஸ். அவங்க எல்லாம் பேசாம இருக்காங்க, எனக்காகக் காத்துக்கிட்டு… பாருங்க, மூச்சுச் சத்தம் கூட இல்ல. இத்தனை பேர் என் பேச்சைக் கேக்க உக்காந்து நான் பாத்ததே இல்ல. இந்தாங்க, மைக்கைப் புடிங்க. நீங்க ஏதாவது சொல்லுங்க. வந்ததுல இருந்து வாயே திறக்கலை, உங்ககிட்ட நிறைய இருக்கும். பேன்ட்டா? பேன்ட் அப்புறம் மாஸ்! முதல்ல பட்டனை அமுக்குங்க!