கறை படிந்த அட்டைகள்

ஹலோ... ஹலோ, அக்கா... நான்தான், போரம். மெதுவாத்தான் பேச முடியும். சமையலறையில ஒளிஞ்சிருக்கேன்... வீட்ல இல்லை, பள்ளிக்கூடத்துச் சமையலறை... ஆமா, ஆமா, அம்மாமாரெல்லாம் வந்து வகுப்பைப் பார்க்குற நாள் இன்னிக்குத்தான். அதனாலதான் ஒளிஞ்சிருக்கேன்.

சிரிக்காம கேளு. காலையில நான் குப்பையில போட்ட பழைய அட்டைக் கட்டு இருக்கே, தீயணைப்பு வீரர், தபால்காரர், பல் மருத்துவர்னு ஒவ்வொண்ணுலயும் ஒரு வேலையோட பேர்... அதேதான். அது எனக்கு இப்பவே வேணும்.

...ஏன்னா, பிள்ளைங்களுக்கு வாசிக்கத் தெரியலை. ஒருத்தருக்கும்... இல்லக்கா, போன வாரம் வரைக்கும் தெரிஞ்சுது. எழுத்துக் கூட்டாம, அட்டையைத் தூக்கினதும் முகத்தைப் பார்த்த மாதிரி பட்டுனு சொல்லுவாங்க. எனக்குத் தலைக்கனம் ஏறிப் போச்சு. இன்னிக்கு அம்மாமார் முன்னாடி பளிச்சுனு இருக்கட்டும்னு ராத்திரி முழுக்க உட்கார்ந்து புதுசா எழுதி, கண்ணாடித்தாள் ஒட்டிக் கொண்டுவந்தேன். முதல் அட்டையைத் தூக்கினேன். மயான அமைதி. ரெண்டாவது... அதுக்கும் அதே அமைதி. கடைசியில சோல்பிதான் எழுந்து, "டீச்சர், இதுல குழம்பு இல்லையே"ன்னா.

ஆமா, குழம்பு. பழைய அட்டையில கண்ணாடித்தாள் ஓரம் பிரிஞ்சு மிளகாய்க் குழம்பு இறங்கியிருந்துதே, அதுதான் தீயணைப்பு வீரராம். பாலர் கல்வியில பட்டம் வாங்கினவ, வருஷம் பூரா கறையைத்தான் வாசிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கேன். பிள்ளைங்க நல்லாத்தான் படிச்சிருக்குங்க. நான்தான் பாடம் என்னன்னு தெரியாம நடத்தியிருக்கேன்.

...இப்போ இடைவேளை. முதல்வரம்மா எல்லாருக்கும் அரிசி கேக் கொடுத்துட்டு இருக்காங்க. அதைத் தின்னு முடிச்சதும் ரெண்டாம் பாதி. மார்ச்சுல புதுப் படிப்பு வருஷம் தொடங்குறப்போ இந்த வகுப்பு எனக்கா வேற ஆளுக்கான்னு அதைப் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணுவேன்னு காலையிலேயே சொல்லிட்டாங்க. அதனால நீ கீழே ஓடு. காவலாளி ப்யோன் ஐயாகிட்டக் கெஞ்சிக் கேளு, குப்பை வண்டி வந்து...

என்னது? எங்கே தொங்குது?

...லிஃப்ட்லயா?

...ஓ. கண்ணாடித்தாள் ஒட்டினது காகிதமும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லைன்னு ப்யோன் ஐயா எழுதி வெச்சிருக்காரா. சரி. காகிதக் குப்பையில போட்டது என் தப்புதான். அதுக்காகக் கயிறு கட்டி, எல்லாரும் பார்க்குற மாதிரி... வீட்டு எண் அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?... அட, பார்சல் உறையிலயே வெச்சுக் கட்டினேன், முகவரியோட. கெட்டிக்காரி நான். வேலைப் பேர் எல்லாத்துக்கும் அட்டை போட்டவ காவலாளிக்கு மட்டும் போடலை. அதுலயும் அவருக்குக் கோபமோ என்னவோ.

இரு, இரு. கழட்டாதே. ஆத்தைத் தாண்டி நீ பஸ் புடிச்சு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். படம் எடுத்து அனுப்பு... வந்துது... அக்கா, இதுல லிஃப்ட் விளக்குதான் தெரியுது, மினுமினுன்னு. விடு. நீ பார்த்துச் சொல்லு, நான் இங்கே அதே கறையைப் போட்டுக்கறேன்.

...விளையாடலை. கையில புது அட்டை, எதிர்ல மிளகாய் விழுது டப்பா. சொல்லு.

தீயணைப்பு வீரர்... இடது பக்கம்... கீழ் மூலை. எவ்வளவு பெருசு?... பூண்டுப் பல் அளவா? சரி... போட்டாச்சு. ஐயோ, ஏப்ரன்லயும் ஈஷிக்கிச்சு. பரவாயில்லை. தபால்காரர்?... காபிக் கோப்பை வட்டம். அது நான் வெச்சதுதான்... நடுவுல, சரி. போலீஸ்காரர்?... மூலை மடிஞ்சிருக்கா. மடிச்சாச்சு.

...யார் ஏறுறாங்க? ஒன்பதாம் மாடிக்காரம்மாவா? வணக்கம் சொல்லிடு. என் அட்டைதான்னு மட்டும் சொல்லாதே... அதான் நம்ம வீட்டு எண்ணே அதுல எழுதியிருக்கா. ஆமா. சரி, வணக்கம் மட்டும் சொல்லு.

பல் மருத்துவர்?... கடிச்ச தடமா... ரெண்டு பல்லா, மூணா?... மேல் மூலை. இரு... ம்ம்... ம்ம்ம்... கண்ணாடித்தாள் இவ்வளவு கெட்டியா இருக்கும்னு... ம்ம்...

...

அக்கா, வைக்காதே. கதவு திறந்திருக்கு.

சோல்பி. தண்ணி குடிக்க வந்திருக்கா. பின்னாடி அவ அம்மா. அவங்களுக்குப் பின்னாடி... ஆமா. முதல்வரம்மா.

...இல்லை, அட்டை இன்னும் வாயிலதான் இருந்துது. இப்பதான் எடுத்தேன்.

சோல்பி என் ஏப்ரனைப் பார்க்குறா. இடது பக்கம், கீழ் மூலை... "தீயணைப்பு வீரர்"ங்கறா. சத்தமா. தெளிவா. என்னைத்தான் சொல்றான்னு நினைச்சு அவ அம்மா கை தட்டுறாங்க, டீச்சர் அவ்வளவு தைரியசாலியான்னு கேட்குறாங்க... நானும் தலையை ஆட்டினேன்.

முதல்வரம்மா கை தட்டலை. அட்டையைப் பார்க்குறாங்க, ஏப்ரனைப் பார்க்குறாங்க, விழுது டப்பாவைப் பார்க்குறாங்க. பக்கத்து மேசையில இருந்த காபிக் கோப்பையைத் தூக்குறாங்க. அடியில வட்டமா ஈரம். சோல்பி பக்கம் திரும்பி, "இது என்னம்மா?"ங்கறாங்க...

...

"தபால்காரர்"னு சொல்லிட்டா.

...ம்... ஆமாக்கா... ஆமா.

ப்யோன் ஐயாகிட்டச் சொல்லிடு. மார்ச்சுல இருந்து நம்ம வீட்டுக் குப்பையை நானே உட்கார்ந்து சரியாப் பிரிப்பேன். நிறைய நேரம் இருக்கும். வெச்சுடு.