ஏற்றக் கோணம்

சிவரஞ்சனி: ...அதில்லீங்கப்பா. ஓடற பஸ் திடீர்னு நின்னா ஆளுங்க ஏன் முன்னாடி சாயறாங்க? அதான் கேள்வி.

தனபால்: குறுக்க மாடு வந்திருக்கும். பிரேக்கடிச்சிருப்பான்.

சிவரஞ்சனி: பஸ் ஏன் நின்னுச்சுன்னா கேட்டேன்? ஆளுங்க ஏன் சாயறாங்க?

தனபால்: கம்பியப் புடிச்சிருக்க மாட்டாங்க. எத்தன சொன்னாலும் கேக்கறாங்களா...

சிவரஞ்சனி: ஐயோ... நிலைமம்ங்கப்பா! நிலைமம்!

தனபால்: தெரியுதில்ல? அப்பறம் எதுக்கு என்னய நோண்டற? நாளெல்லாம் எஸ்டேட் ஜீப்ப ஓட்டிட்டு ஊட்டுக்கு வந்தா தெனமும் இதே ரோதன.

சிவரஞ்சனி: பேருதான் தெரியும், புரியல. நீங்களே படிச்சுச் சொல்லுங்க.

சசிரேகா: ஏனுங்க, புள்ளைக்குச் சொல்லித்தான் குடுங்களேன். பொண்ணு பாக்க வந்தன்னிக்கு பத்தாவது பாஸுன்னு எங்கப்பாகிட்ட அத்தன பெரும பேசுனீங்க?

தனபால்: நீ அடுப்பப் பாரு சசி. ம்... அடுத்தது கேளு சாமி.

சிவரஞ்சனி: மொத உலகப் போர் ஏன் வந்துச்சு?

தனபால்: பங்காளிச் சண்டதான். வேறென்ன.

சிவரஞ்சனி: இது அஞ்சு மார்க்கு கேள்விங்க.

தனபால்: அப்ப அஞ்சு பங்காளின்னு எழுது.

சிவரஞ்சனி: அம்மா! இவர என்னன்னு கேளுங்கம்மா!

சசிரேகா: நான் கேட்டா மட்டும்? கவர்மென்ட் பஸ்ஸுக்கு டிரைவர் எடுக்கறாங்க, பத்தாவது பாஸாயிருந்தாப் போதுமாமா. அப்ளிகேஷன் எழுதிப் போடுங்கன்னு சொல்லிச் சொல்லித் தொண்ட வத்திப் போச்சு. எஸ்டேட்ட ரிசார்ட்டுக்காரன் வாங்கிட்டான்னா ஜீப்பு ஏது, சம்பளம் ஏது?

தனபால்: எனக்கு ஜீப்பே போதும். ஆள உடு.

சசிரேகா: அடப் போங்க. நான் போயி துணி எடுத்துட்டு வாறேன். மஞ்சு மூட்டம் எறங்குது, நனஞ்சிரும்.

சிவரஞ்சனி: கணக்குங்கப்பா. ஒருத்தர் அறுபது மீட்டர் தள்ளி நின்னு குன்றோட உச்சியப் பாக்கறார்...

தனபால்: மஞ்சுல எங்கிருந்து தெரியும்?

சிவரஞ்சனி: அப்பா...! ஏற்றக் கோணம் முப்பது டிகிரி. குன்று எத்தன உயரம்? சொல்லுங்க.

தனபால்: கண்ணு... நீ எட்டாவதுதான?

சிவரஞ்சனி: ...ஆமாங்க.

தனபால்: இது பத்தாவதுக் கணக்காச்சே.

சிவரஞ்சனி: உங்களுக்கு எப்படித் தெரியும்?

தனபால்: பாஸ் பண்ணவனுக்குத் தெரியாதா?

சிவரஞ்சனி: அப்ப போடுங்க. இந்தாங்க பென்சில்.

தனபால்: வராது கண்ணு. அன்னிக்குப் பரீட்சையிலயும் இதேதான், முப்பது டிகிரி. பேப்பரப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.

சிவரஞ்சனி: ஃபெயிலுங்களா?

தனபால்: மெதுவாப் பேசு! பொய் சொல்லித்தான் உங்கம்மாவக் கட்டுனேன். எழுதிப் போட்டா மார்க் ஷீட் கேப்பாங்க. அதான் ஜீப்பே போதும்னு சொல்லிட்டுத் திரியறேன். நொம்ப வெக்கமா இருக்குது சாமி. அவகிட்ட மட்டும் சொல்லிப்புடாத.

சிவரஞ்சனி: பத்தாவது புஸ்தகத்த வாங்கியாந்து, தெனமும் ஒண்ணு தெரியாத மாதிரி அப்பாகிட்டக் கேளு, அவரும் படிச்ச மாதிரி ஆகும்னு குடுத்ததே அம்மாதானுங்கப்பா... பென்சிலப் புடிங்க, அம்மா துணி எடுத்துட்டு வாறதுக்குள்ள கணக்கப் போட்டுரலாம்.