காட்டெருமைக்கு ஏற்ற துப்பாக்கி

துப்பாக்கிக் கடைக்கு வருகிற ஆண்கள் முதலில் விலை கேட்க மாட்டார்கள், மேடம். கண்ணாடி எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள். வேலூரில் என் அப்பா ஜம்புலிங்கம் கடை வைத்திருந்தபோது இதற்காகவே எதிர்ச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை மாட்டியிருந்தார். துப்பாக்கியைத் தோளில் சாய்த்து, வயிற்றை உள்ளே இழுத்து, ஒரு முறை பார்த்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு போவார்கள். அப்பா சிரிக்க மாட்டார். நான் உள் அறையில் குழல் துடைத்துக்கொண்டே சிரிப்பேன்.

இதை நீங்கள் கேட்கவில்லை என்று தெரியும். என் புருஷன் பூபாலன் காட்டெருமை முட்டிச் செத்த விஷயமாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். அதற்காக ஜவ்வாது மலை தேவராஜைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். போன ஆடியில் எங்கள் உரக்கடையில் என் புருஷன் அவனை நாலு பேர் முன்னால் அறைந்தார். அந்த வஞ்சத்தை வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே உதவாத துப்பாக்கியைக் கொடுத்துக் காட்டெருமைக்கு முன்னால் அனுப்பிவிட்டான் என்று வழக்கு. கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆள்தான் பொருந்தவில்லை. அறை வாங்கிய அடுத்த வாரமே ஒரு பாட்டில் மலைத்தேனோடு வந்து, "அண்ணன் இன்னும் கோவமா கீறாருங்களா?" என்று என்னிடம் கேட்டவன் அவன். வஞ்சம் வைக்கவும் கொஞ்சம் மூளை வேண்டும். எந்த மிருகத்துக்கு எந்தத் துப்பாக்கி உதவும், எது உதவாது என்று தெரிந்த ஒருவர்தான் இதைச் செய்திருக்க முடியும். அது யார் என்று சொல்லத்தான் வந்தேன்.

காட்டெருமை என்றால் வீட்டு எருமை கொஞ்சம் முறைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி என்று ஆண்கள் நினைக்கிறார்கள். நன்றாக வளர்ந்த கிடா ஆயிரம் கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும். தோல் தடிமன், அதற்குக் கீழே சதை, அதற்குக் கீழே தோள் எலும்பு. அதைச் சுடக் கனமான குண்டு வேண்டும். அந்தக் குண்டு எலும்பில் பட்டுச் சிதறாமல் உள்ளே போக வேண்டும். அப்பாவின் த்ரீ செவன்ட்டி ஃபைவ் ரைபிள் அந்த வேலைக்கென்றே செய்தது. மலையில் வைத்திருக்கிறார்களே நாட்டுத் துப்பாக்கி, அது பன்றிக்கு. குழலுக்குள் மருந்தையும் ஈயத்தையும் குச்சியால் இடித்து அடைத்துச் சுடுவது. ஒரு தடவை வெடித்தால், மறுபடி அடைப்பதற்குள் ஒரு வெற்றிலை போட்டு மென்று துப்பிவிடலாம். பரண்மேல் உட்கார்ந்து, காலடியில் வரும் பன்றியைச் சுட்டுவிட்டு, விடிகிறவரை கீழே இறங்காமல் இருந்தால் அது போதும். காட்டெருமைக்கு அது கொசுக்கடி. கொசுக்கடியைவிட மோசம், ஏனென்றால் கொசு கடித்தால் அதற்குக் கோபம் வராது. இதெல்லாம் எனக்குப் பாவாடை கட்டுகிற வயதிலேயே தெரியும்.

பூபாலனுக்கு எதுவும் தெரியாது. ஆப்பிரிக்காவில் வெள்ளைக்காரர்கள் வேட்டையாடுகிற வீடியோக்களைப் போனில் பார்த்துவிட்டு, யூரியா வாங்க வந்த கலசப்பாக்கத்து விவசாயிகளிடம் ரைபிள் பெயர்களை ஒப்பிப்பார். அவர்களும் மூட்டை கைக்கு வரும்வரை தலையாட்டுவார்கள். கல்யாணமான சில வருஷங்களில் ஒரு நாள், வீட்டுக்கு வந்த நண்பர்களிடம் ஒரு தோட்டாவின் எண்ணைத் தப்பாகச் சொன்னார். நான் சமையலறையிலிருந்தே சரியான எண்ணைச் சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "குக்கரு விசிலடிக்குது" என்றார் அவர். விழுந்து விழுந்து சிரித்தார்கள். குக்கர் அன்றைக்கு அடுப்பிலேயே இல்லை. அதற்குப் பிறகு நான் எதையும் திருத்தவில்லை. தப்பாகப் பேசுகிறவரைப் பேச விட்டுக் கேட்டுக்கொண்டிருப்பதும் ஒரு பொழுதுபோக்குதான், பழகிவிட்டது.

அப்பா போன பிறகு ரைபிள் உரிமத்தோடு என் பெயருக்கு வந்தது. அதை என் புருஷன் ஹால் சுவரில், டியூப் லைட்டுக்குக் கீழே, பிளாஸ்டிக் பூமாலை போட்டு மாட்டினார். தேங்காய் எண்ணெய் தடவுவார். அவர் கடைக்குப் போன பிறகு மதியத்தில் இறக்கி, எண்ணெயை எல்லாம் வழித்து, முறையாகத் துடைத்து மறுபடி மாட்டுவேன். அவர் கண்டுபிடித்ததே இல்லை. போன வருஷம் அதைத் தோளில் வைத்துப் படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டார். எங்கப்பாவுடையது, அவர் பெரிய வேட்டைக்காரர் என்று கீழே எழுதியிருந்தார். அவருடைய அப்பா சேத்துப்பட்டில் ரேஷன் கடையில் எடை போட்டவர். வீட்டில் எலி வந்தால் ஆள் விட்டு அடிப்பார்.

அந்தப் படத்தைப் பார்த்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நான் அவசரக்காரி இல்லை. எனக்கு அவர்மேல் வெறுப்பும் கிடையாது. வெறுப்பதற்கு எதிரில் ஒரு ஆள் இருக்க வேண்டும். எனக்கு இருந்தது ஒரு சலிப்பு, அவ்வளவுதான்.

கார்த்திகையில் ஒற்றைக் காட்டெருமை ஒன்று எங்கிருந்தோ வழி தவறி ஜவ்வாது மலைக்கு வந்து சேர்ந்தது. தேவராஜ் ஊர்ச் சாமைக் கொல்லைகளை மேய்ந்தது, மேய்ந்ததைவிட அதிகமாக மிதித்தது. ஃபாரஸ்ட் ஆட்கள் பட்டாசு வெடித்து விரட்டினார்கள். மறுநாளே திரும்பி வந்துவிட்டது. புளி மூட்டையோடு கீழே இறங்கிய தேவராஜ் இதை எங்கள் கடையில் சொல்லிப் புலம்பினான். பக்கத்தில் நின்ற நண்பர்கள் என் புருஷனைப் பார்த்தார்கள். "நான் வந்து முடிச்சுத் தர்றேன்டா" என்றார். அதைச் சுடுவது குற்றம் என்று அவருக்குத் தெரியும். அவருக்குச் சாமை முக்கியமில்லை. ஹாலில் ரைபிளுக்கு மேலே கொம்பு மாட்டக் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருந்தார்.

அந்த வாரம்தான் உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தார்கள். தேர்தல் என்றால் உரிமம் உள்ள துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். எல்லோரும் கடைசி நாள்வரை இழுப்பார்கள். நான் மறுநாளே துணியில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்து இங்கே கொடுத்துவிட்டேன். "இன்னாம்மா, இவ்ளோ சீக்கிரமா கொண்டாந்துட்டீங்க" என்று ஏட்டு ஐயா மெச்சினார். உங்களுக்குப் பின்னால் பூட்டியிருக்கிற அறையில்தான் இருக்கிறது. அது ஒன்றுதான் அந்த வேலைக்குச் சரியான துப்பாக்கி.

சாயங்காலம் சுவரைப் பார்த்துவிட்டுச் சமையலறை வாசலுக்கு வந்தார். நான் கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை.

"ரைபிள குடுத்துட்டியா?"

"எலெக்‌ஷன் வருதுங்களே. வூட்ல வெச்சிருந்தா கேஸாயிடும்."

கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். "தேவராஜ்கிட்ட ஒரு நாட்டுத் துப்பாக்கி கீது. அது பத்துமா, ராஜி?"

"பத்தும்" என்றேன்.

"எரும ரொம்பப் பெருசாமே."

"பெருசா இருந்தா இன்னா? மலையில அத வெச்சித்தான எல்லாத்தையும் அடிக்கிறாங்க."

"அடிபட்டதும் இன்னா பண்றது?"

"ஒடனே எறங்கிக் கிட்ட போய்ப் பாருங்க. வுட்டா காட்டுக்குள்ள பூந்துக்கும்."

தலையாட்டிவிட்டுப் போனார். நான் செய்தது இவ்வளவுதான். துப்பாக்கி பிடிக்கிற எவருக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பது, பெரிய மிருகம் அடிபட்டால் இறங்காதே, காத்திரு என்பதுதான். அதைத் தலைகீழாகச் சொன்னேன். அன்றைக்குக் கத்திரிக்காய்க் காரக்குழம்பு நன்றாக வந்திருந்தது. இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

மறுநாள் புளிசாதம் கட்டிக் கொடுத்தேன். கூட வருவதாகச் சொன்ன நண்பர்கள் யாரும் வரவில்லை. ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவருக்கு மச்சினன் வீட்டுக் காதுகுத்து. தனியாக ஜீப்பை எடுத்துக்கொண்டு மலை ஏறினார். வாசலில் நின்று வழியனுப்பிவிட்டு உள்ளே வந்து துணி துவைத்தேன்.

ஒரு இடத்தில் தவறினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மலையில் வேட்டைக்குப் பங்கு பிரிக்கும்போது துப்பாக்கிக்கும் ஒரு பங்கு உண்டு. சுட்டவனுக்கு ஒன்று, துப்பாக்கிக்கு ஒன்று. அதனால் இரவல் கொடுக்கிறவன் துப்பாக்கியைத் தனியாக அனுப்ப மாட்டான், கூடவே போவான். பங்கு வேண்டுமோ வேண்டாமோ, வழக்கம் வழக்கம்தான். அப்பா சொல்லி இது எனக்குத் தெரியும். ஆனால் தேவராஜ் மாதிரி ஆட்களைக் கணக்கில் சேர்த்துப் பழக்கமில்லாததால் விட்டுப்போயிற்று. அன்றைக்கு அவனும் பரண் ஏறினான்.

பொழுது சாயும்போது எருமை கொல்லைக்குள் வந்தது. பூபாலன் சுட்டார். தோளில்தான் பட்டிருக்கிறது, அந்த மட்டில் அவரைப் பாராட்ட வேண்டும். அது விழவில்லை, ஒரு முறை உதறிக்கொண்டு புதருக்குள் போய் நின்றது. இவர் ஏணியில் இறங்கி அதைப் பார்க்கப் போனார். மற்றதை டாக்டர் உங்களுக்கு எழுதிக் கொடுத்திருப்பார். தேவராஜ் சருகைக் கொளுத்தி வீசி எருமையை விரட்டிவிட்டு, கயிற்றுக் கட்டிலில் அவரைப் போட்டு ரோடுவரை ஆள் வைத்துத் தூக்கி வந்தான். அப்படியே காட்டுக்குள் ஓடியிருந்தால் நீங்கள் அவனைப் பிடித்திருக்கவே முடியாது. ஆஸ்பத்திரி வாசலில் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம்.

செய்தி வந்த பிறகு எனக்கும் மனசு சரியில்லை என்பது உண்மை. தோளில் ஈயத்தோடு காட்டில் அலைகிற அந்த மிருகத்தை நினைத்துத்தான். புண் வைத்து, மெல்ல மெல்லச் சாகும். சரியான துப்பாக்கியாக இருந்தால் அதற்கு அந்தத் துன்பம் வந்திருக்காது.

நேற்று தேவராஜ் பெண்டாட்டி பாஞ்சாலை வீட்டுக்கு வந்தாள். உள்ளே கூப்பிட்டும் வராமல் வாசலிலேயே நின்றாள்.

"யம்மா, எங்க வூட்டுக்காரரு துப்பாக்கிய குடுக்கும்போதே சொல்லிகீறாருங்க. இது பன்னி அடிக்கிறதுண்ணே, எருமைக்குப் பத்தாதுன்னு. எறங்காதீங்கன்னு காலக்கூட புடிச்சிகீறாரு."

"அதுக்கு அவரு இன்னா சொன்னாராம்?" என்று கேட்டேன். உனக்கு இன்னா தெரியும் என்று சொல்லியிருப்பார், வேறென்ன.

"எங்க வூட்டம்மாவ கேட்டுக்கினுதான் வந்தேன்னாராம். அது பத்தும்னு சொல்லிச்சி, எறங்கிப் பாக்கச் சொல்லிச்சி, துப்பாக்கி விஷயத்துல அதுக்குத் தெரிஞ்சது இந்த ஜில்லாவுல யாருக்கும் தெரியாதுடான்னாராம். பரண்மேல குந்திக்கினு பூரா உங்க பேச்சுதானாங்க. சின்ன வயசுல கண்ணக் கட்டிக்கினு துப்பாக்கிய பிரிச்சி மாட்டுவீங்களாமே. உங்கப்பாரு கைதட்டுவாராமே."

நான் உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா வுட்ருவாங்கம்மா" என்றாள். "மூணு புள்ளைங்கள வெச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்."

அவள் கேட்டதற்காக நான் வரவில்லை. தேவராஜ்மேல் பரிதாபம் என்றும் எழுதிவிடாதீர்கள். யோசித்துச் செய்த ஒரு காரியத்துக்கு ஒரு பன்றிவேட்டைக்காரன் பெயரைப் போட்டிருக்கிறீர்கள், அதைப் பார்த்துக்கொண்டு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. காரணம் அது மட்டும்தான். எழுதிக்கொள்ளுங்கள்: பூபாலனைக் கொன்றது அவர் மனைவி ராஜேஸ்வரி. தெரிந்தே, தப்பான துப்பாக்கியைச் சரி என்று சொல்லி. இதை எந்தப் பிரிவில் போடுவது என்பது உங்கள் பாடு. அவனை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

பாஞ்சாலை சொன்னதை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். புருஷனை மீட்க அவள் எதையாவது சொல்லத்தான் செய்வாள். என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை பேசுகிற மனுஷன் இல்லை அவர். கண்ணைக் கட்டிக்கொண்ட விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். அதை நான் வாழ்க்கையில் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன், கல்யாணமான முதல் வாரத்தில். ஆனால் நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் தூங்கிவிட்டார், மேடம். எனக்கு நன்றாகத் தெரியும், அவர் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்.