ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்த பிழை

வீடியோ எடிட்டிங் செய்கிறவனுக்கு முதலில் வேண்டியது நல்ல கண் அல்ல, ஒழுங்கான ஃபோல்டர். கொட்டாஞ்சேனையில் நான் முன்பு வேலை செய்த ஸ்டூடியோவில் ஜொனாதன் என்று ஒருவன் இருந்தான். ஒரே கலியாண வீடியோவை ஃபைனல், புது ஃபைனல், கடைசி ஃபைனல் என்று மூன்று இடத்தில் போட்டு வைத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் வந்து நிற்கும்போது எதைக் கொடுப்பதென்று தெரியாமல் முழிப்பான். நான் அப்படியில்லை. என் கணினியை நீங்கள் எடுத்துப் போயிருக்கிறீர்கள், திறந்து பார்த்தால் உங்களுக்கே தெரியும். அதனால்தான் ஐயா, அந்தப் பிழை என்னுடையதல்ல என்பதை முதலில் சொல்லிவிட விரும்புகிறேன்.

இரத்தினசிங்கம் பெரியப்பா என் அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், மூன்றாம் மாடி ஃபிளாட்டில் இருந்தார். ஒரே மகள் சுபோதினி ரொறன்ரோவில். பெரியம்மா இறந்த பிறகு, அவரோடு வந்து இருக்கும்படி என்னைக் கேட்டது அவள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னதும் அவள்தான். முதல் வீடியோவில் பெரியப்பா இருமினார். அதைப் பார்த்துவிட்டு அவளுக்கு நித்திரையே வரவில்லையாம்.

"அப்பா சிரிக்கிறதா இருந்தா எடுத்து அனுப்புங்கோ அண்ணா. மற்றதைப் பாத்தா இஞ்ச எனக்கு ஒரு வேலையும் செய்ய ஏலாம இருக்கு," என்றாள்.

நியாயமான வேண்டுகோள். இருமலை வெட்டினேன். ஒரே கதையை அவர் திரும்பச் சொன்னால் ஒன்றை வெட்டினேன். பின்னால் ரயில் போகும் இரைச்சலை எடுத்துவிட்டு மெல்லிய வீணை இசை சேர்த்தேன். குடும்ப வட்ஸ்அப் குழுவில் லண்டன், பாரிஸ், சிட்னி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பாராட்டு வந்தது. என்னைப் போல ஒரு பிள்ளை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று மாமி ஒருவர் எழுதினார். கலியாண வீடியோவுக்கு எனக்கு யாரும் அப்படி எழுதியதில்லை. சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

சிரிப்பு, சாப்பாடு, பூசை, மிச்சம் என்று நான்கு ஃபோல்டர் வைத்திருந்தேன். உதவாதவை எல்லாம் மிச்சத்துக்குள் போகும். பெரியப்பா அழுதது, திட்டியது, வெளிக்கதவைத் தட்டிக்கொண்டு நின்றது. அழித்திருக்கலாமே என்று கேட்டீர்கள். எங்கள் தொழிலில் எடுத்ததை அழிக்க மாட்டோம், எது எப்போது தேவைப்படும் என்று சொல்ல முடியாது.

கதவைப் பற்றியும் கேட்டீர்கள். அவர் இரண்டு முறை தனியாகப் பெருந்தெருவான காலி வீதிக்குப் போய், பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் என்னைப் பற்றி ஏதேதோ சொல்லியிருக்கிறார். அதன் பிறகு கதவைப் பூட்டித் திறப்பை நான் என்னோடு வைத்துக்கொண்டேன். அவருடைய கைத்தொலைபேசியையும் வாங்கி வைத்தேன். அப்பாவுக்குக் காது மந்தம், ஃபோனில் கதைத்தால் குழம்பிப் போகிறார் என்று சுபோதினியிடம் சொன்னேன். நேரே கதைத்தால் அவர் அழுதுவிடுவார். அதை வெட்ட முடியாது.

இனி அந்தப் பிழை. போன வாரம் பழைய ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டது, எல்லாவற்றையும் புதிய டிஸ்க்குக்கு மாற்றினேன். இடம் மாறினால் எடிட்டிங் சொஃப்ட்வெயருக்குக் கிளிப்புகள் தொலைந்துவிடும், மறுபடி தேடும். பெயரை மட்டும் பார்த்துத் தேடும். கமெராவோ புதிய கார்ட் போடும்போதெல்லாம் முதலாம் இலக்கத்திலிருந்து பெயர் வைக்கும். ஆகவே சிரிப்பிலும் மிச்சத்திலும் ஒரே பெயரில் கிளிப்புகள் இருந்தன. சொஃப்ட்வெயர் ஓரிடத்தில் மிச்சத்திலிருந்த கிளிப்பை எடுத்து வைத்துவிட்டது. திரையில் தெரிந்த சின்னப் படம் மாறவில்லை, அதில் பெரியப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அதை நம்பி, ஞாயிறு காலை வீடியோவை அனுப்பிவிட்டேன்.

சுபோதினி உடனே அழைத்தாள். "அண்ணா, அப்பாக்கு என்ன நோகுது? முகத்தைச் சுளிச்சுக்கொண்டு, 'பிள்ளை, ஒருக்கா வா' எண்டு சொல்றார்."

"அது போன வருசம் பல்லுக்குத்து வந்தநேரம் எடுத்தது தங்கச்சி. ஃபோல்டர் மாறிப் போச்சு. திருத்தி அனுப்புறன்."

"உண்மையாப் பல்லுத்தானே?"

"ஓம்."

"ஐயோ, நான் பயந்தே போனன்."

அது பல்லுக்குத்து அல்ல. அந்தக் கிளிப்பை நான் எடுத்தது அதற்கு முந்திய புதன்கிழமை. அன்று காலை பெரியப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார், இடுப்பை அசைக்க முடியவில்லை. தூக்கி வந்து கட்டிலில் கிடத்தி நோவுக்குப் பனடோல் கொடுத்தேன். கமெராவைப் பார்த்து, சுகமாக இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். பலமுறை எடுத்தும் ஒன்றுகூடச் சரிவரவில்லை.

ஆம்புலன்ஸை அழைத்திருந்தால் வந்திருக்கும். சுபோதினியும் அடுத்த விமானத்தில் வந்து அவரைத் தன்னோடு கூட்டிப் போயிருப்பாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் என்ன செய்வது? அப்படி யோசித்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூடுதலாக யோசித்தது அவளுடைய நித்திரையைப் பற்றித்தான்.

அந்த ஞாயிறு முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு கிளிப்பாகத் திறந்து பார்த்தேன். பக்கத்து அறையில் பெரியப்பா கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கார்த்திகன் என்று என்னை, பிறகு மகளை, பிறகு தண்ணீர் என்று மட்டும். கீழ்வீட்டு ஐறீன் அன்ரி வந்து மணியடித்தார்.

"என்ன தம்பி, ஐயா கத்துற மாதிரி கேக்குது?"

"ரீவில நாடகம் போகுது அன்ரி. சத்தத்தைக் குறைக்கிறன்."

அவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் காலை பொலிஸுக்குப் போய் உங்களைக் கூட்டி வந்தது அவர்தான், எனக்குக் கோபமில்லை. நான் கதவைப் பூட்டிவிட்டு ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டேன். இசை சேர்க்கும்போது எப்படியும் அது வேண்டும்.

பொழுதுபடும் நேரத்தில் திருத்திய வீடியோவை அனுப்பினேன். இப்போதுதான் நிம்மதி அண்ணா என்று சுபோதினி எழுதினாள். ஹெட்ஃபோனைக் கழற்றினேன். பக்கத்து அறையில் சத்தமில்லை.

நேரத்தோடு கொண்டுவந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சரிதான். ஆம்புலன்ஸை நான் அழைக்கவில்லை, கதவைத் திறக்கவில்லை, தண்ணீர் கேட்டும் கொடுக்கவில்லை. பெரியப்பாவைச் சாகவிட்டது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஹெட்ஃபோனைக் கழற்றிய பிறகு கமெராவோடு உள்ளே போய் ஒரு கிளிப் எடுத்தேன். முகத்தில் நோவே இல்லை, வெட்டுவதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை. சுபோதினி வந்து இறங்கியதும் அதைக் காட்டுங்கள் ஐயா. அவளுடைய அப்பாவை நான் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டேன் என்று அவளுக்குத் தெரியும்.