மேல் குழாய்

உட்காரச் சொன்னதற்கு நன்றி, ஐயா. குனிந்து குனிந்து குழாய் பூட்டியே முழங்கால் தேய்ந்துவிட்டது. ரொம்ப நேரம் நிற்க முடிவதில்லை.

அம்பத்தூர் சாராய ஆலையில் கொதிகலத்துக்குக் குழாய் பூட்டியது நான்தான். சூட்சுமம் பெரிதில்லை. பெரிய கலத்தின் அடியிலிருந்து சாராயம் ஒரு குழாயில் பக்கத்துக் கொதிகலத்துக்கு இறங்கும். அங்கே கொதித்து, ஆவியும் சாராயமுமாகப் பொங்கி, இன்னொரு குழாய் வழியே தானாக மேலேறிக் கலத்துக்குத் திரும்பும். பம்பு வேண்டாம். ஆனால் பொங்கியதற்கு இடம் வேண்டும். மேல் குழாய் கீழ்க் குழாயைவிட நன்றாக அகலமாக இருக்க வேண்டும். எனக்குத் தெரியாமல் இல்லை.

யுத்த காலத்தில் அகலக் குழாய்க்கு எங்கே போவது? கிடைத்துவிட்டது என்று முதலாளியிடம் வேறு வாய்விட்டிருந்தேன். கீழே போட்ட அளவையே மேலேயும் போட்டு, தெரியாமலிருக்கச் சாக்கைச் சுற்றிவிட்டேன்.

ஓட்டிய அன்றே குழாய் அடைத்துக்கொண்டு நின்றது, பிறகு ஒரேயடியாகத் தள்ளியது. நிற்பதும் தள்ளுவதுமாகச் சுவரே அதிர்ந்தது. மறுநாள் மேல் மூட்டு விட்டுப்போய்ச் சாராய ஆவி வெளியே வர ஆரம்பித்தது. வேலை போனால் என் பிள்ளைகள் கதி என்ன?

கலத்தைப் பார்த்துக்கொள்ளும் வேம்புலி ஓடி வந்தான்.

“அண்ணாத்தே, அது உதறிக்கினே கீது. பயமா கீது. முதலாளி வந்ததும் சொல்லிடறேன்.”

முதலாளி வந்தால் சாக்கைப் பிரிக்கச் சொல்வார்.

கற்பூரம் காட்டாமல் எங்கள் ஆட்கள் புது இயந்திரத்தைத் தொட மாட்டார்கள். இதற்கு அவசரத்தில் காட்டவில்லை. வேம்புலிக்கு அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

“பூசை போடலியேடா, அதான் உதறுது. மேல் மூட்டுகிட்ட கற்பூரம் காட்டு, அடங்கிடும்” என்றேன். தீப்பெட்டியும் கொடுத்தேன். பிறகு வேலிக்கு அப்பால் போய்க் காதைப் பொத்திக்கொண்டேன். எனக்குச் சத்தம் ஆகாது.

வெடித்தபோது அவன் பெண்டாட்டி நாகம்மாளும் உள்ளே இருந்தது தெரியாது என்று முதலில் வாக்குமூலத்தில் சொன்னேன். அதை அடித்துவிடுங்கள், ஐயா. சோற்றுத் தூக்கோடு என்னைத் தாண்டித்தான் போனாள். கூப்பிட்டிருப்பேன். பக்கத்தில் அவள் இருந்தால் அவனுக்குப் பயம் தெரியாதே என்றுதான் விட்டுவிட்டேன்.